எதிர்ப்போர் கை தூக்கவும்

மூன்றாவது சனிக்கிழமையும் கலையரசி வரவில்லை. நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் ஆறு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தோம். ஐந்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறாவதை யாரும் நகர்த்தவில்லை, அதன் மேல் பையை வைக்கவும் இல்லை. காலையிலிருந்தே விட்டுவிட்டு மழை. நான் கரும்பலகையில் அன்றைய வேலையை எழுதினேன்: 'அடிப்படைக் கடமைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைச் செய்யாதவரைத் தண்டிக்க முடியுமா என்று வாதிடுக.' எழுதிவிட்டுத் திரும்பியபோது மைதீன் பாத்திமா பலகையைப் பார்க்காமல் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலையரசிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். முந்தின நாள் மாலை வரைக்கும் என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவளைப் பற்றித்தான் அப்படிக் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கா டீச்சர்," என்றாள் பாத்திமா. "விடுதியில சொல்லிட்டு சனிக்கெழம ஆனா ஊருக்குப் போயிருதா."

திங்கட்கிழமை பெயர்ப் பட்டியலைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். ஒரு சட்டக் கல்லூரியில் ஜனவரியில் மாநிலப் போட்டி. முதல் மூன்று இடங்களுக்குள் வருகிற பிள்ளைகளுக்குச் சட்டப் படிப்பின் நுழைவுத் தேர்வுக்கு அவர்களே பயிற்சி கொடுத்து, தங்க இடமும் கொடுப்பார்கள். எங்கள் பள்ளியிலிருந்து ஒருத்திதான் போக முடியும். அந்த ஒருத்தி யார் என்பதில் பள்ளியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பட்டியலோடு பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும். அந்தக் கடிதம் இரண்டு வாரமாக என் கைப்பையில் மடித்தபடி இருந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளியில் இருபத்தாறு வருடமாக நான் வரலாறும் அரசியலும் சொல்லிக்கொடுக்கிறேன். பாடப்புத்தகத்தை மற்றவர்களுக்கு முன்னால் முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று முகத்தைப் பார்க்கிற பிள்ளைகள் எல்லா வருடமும் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்தச் சனிக்கிழமை வகுப்பை ஆரம்பித்தேன். அரசியலமைப்பை மனப்பாடம் செய்யக் கூடாது, அதற்குள்ளே நடமாட வேண்டும் என்பது என் எண்ணம். நிர்ணய சபை விவாதங்களிலிருந்து சில பக்கங்களை எடுத்து வந்து வாசிப்போம். முகவுரையை அவரவர் வீட்டுப் பேச்சில் எழுதிப் பார்ப்போம். ஒருமுறை எல்லோரையும் நீதிமன்றத்துக்கு அழைத்துப்போய் நாள் முழுவதும் பின்பெஞ்சில் உட்கார வைத்தேன்.

ஜூலையில், உங்களுக்குத் தெரிந்த ஓர் இடத்துக்கு அரசியலமைப்பு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். ரீபா அவர்கள் சபையின் பாட்டுக்குழுவுக்கு எழுதினாள். கலையரசி விடுதிக் குழாயடிக்கு எழுதியிருந்தாள். முதல் பிரிவு: 'வாளி வரிசையில் நிற்காது. ஆள்தான் நிற்க வேண்டும்.' கடைசிப் பிரிவு: 'இதில் எதையாவது மாற்ற வேண்டுமானால் வரிசையில் கடைசியாக நிற்பவளின் சம்மதம் வேண்டும்.' அந்தக் கடைசி வரியை நான் இரண்டு முறை வாசித்தேன். இத்தனை வருடத்தில் எந்தப் பிள்ளையும் எனக்கு இப்படி ஒரு வரி எழுதித் தந்ததில்லை. வகுப்பு கலைந்த பிறகு அவள் தோளில் கை வைத்து மனம் நிறைந்து பாராட்டினேன். அன்று என்ன வார்த்தை சொன்னேன் என்பது அப்போது என் நினைவில் தங்கவில்லை. அவள் சிரித்துவிட்டுப் போனது மட்டும்தான் தங்கியது.

நவம்பர் இருபத்தாறாம் தேதி அரசியலமைப்பு நாளுக்கு, பள்ளி மண்டபத்தில் ஒரு நிர்ணய சபையை நடத்திக்காட்டுவது என்று முடிவு செய்தோம். நாலு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஆதரித்து ஒருத்தி, எதிர்த்து ஒருத்தி. சிலர் இரண்டு பிரிவுகளுக்குப் பேச வேண்டியிருக்கும். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்போம். காலியான சாக்பீஸ் பெட்டிதான் சீட்டுப் பெட்டி. எடுத்த சீட்டை மாற்றக் கூடாது என்பது முதல் வருடத்திலிருந்தே என் விதி. தனக்குப் பிடிக்காத பக்கத்துக்காகவும் நேர்மையாக வாதாடத் தெரிந்தவளுக்குத்தான் சட்டம் புரியும் என்று பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வேன். பதினேழாம் பிரிவை, தீண்டாமையை ஒழித்த பிரிவை, அந்த நாலில் சேர்த்தது நான்தான். நான் வாசித்த அளவில், அந்தப் பிரிவே வேண்டாம் என்று நிஜமான சபையில் யாரும் எழுந்து சொன்னதாக இல்லை. வெளியே ஊர் ஊராக இருந்த எதிர்ப்பு உள்ளே எழுந்து பேசவில்லை. பேசியிருந்தால் எப்படிப் பேசியிருக்கும் என்று பிள்ளைகள் கற்பனை செய்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். நல்ல பயிற்சி என்று தோன்றியது.

கலையரசி சீட்டைப் பிரித்தாள். வாசித்தாள். மறுபடி மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பாத்திமா எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "டீச்சர், எனக்கு அதே பிரிவ ஆதரிச்சுப் பேசுத சீட்டு வந்திருக்கு. நான் அவளுக்கு மாத்திக் குடுத்துருதேன்."

மாற்றக் கூடாது என்றேன்.

வருகைப் பதிவேட்டில் கலையரசியின் பெயருக்கு நேரே சாதிப் பிரிவைச் சொல்லும் இரண்டு எழுத்து எனக்குத் தெரியாததா? உதவித்தொகை விண்ணப்பத்தில் நான்தான் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். ஆனால் அதைப் பார்த்து அவளுக்கு மட்டும் விதியைத் தளர்த்தினால் அதுவும் ஒரு பாகுபாடுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் என்று பாராமல் இருப்பதுதான் நீதி என்று. இப்போது யோசிக்கும்போது அதுவும் முழு உண்மை இல்லை. அவள் கைக்கு அந்தச் சீட்டு போனபோது என் மனதின் ஓர் ஓரத்தில் மகிழ்ச்சி இருந்தது. இவள் இதை என்ன செய்வாள் என்று பார்க்கும் ஆசை. முக்கிய விருந்தினராக ஒரு வழக்கறிஞர் வருகிறார், தலைமையாசிரியை ஹெப்சிபா முன்வரிசையில் உட்காருவார், நிகழ்ச்சி நன்றாக அமைய வேண்டும் என்ற நினைப்பு. நீதியைப் பற்றி நான் சொல்லிக்கொண்ட எல்லாவற்றுக்கும் அடியில் அது இருந்தது.

அரசியலமைப்பு நாளன்று மண்டபத்தில் முந்நூறுக்கு மேல் பிள்ளைகள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. ரீபா தலைவர் நாற்காலியில் இருந்தாள். பதினேழாம் பிரிவுதான் கடைசி. பாத்திமா முதலில் ஆதரித்துப் பேசினாள். சரியாகத்தான் பேசினாள், புத்தகத்தில் இருப்பது போல. பிறகு கலையரசி ஒலிபெருக்கியின் முன்னால் வந்து நின்றாள். குரலை உயர்த்துவாள், கையை ஆட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு வயதான, வசதியான, நல்ல மனதுள்ள மனிதரின் நிதானத்தில் பேசினாள்.

"தலைவர் அவர்களே, நாங்கள் யாரையும் வெறுப்பவர்கள் அல்ல. அவர்கள் வராமல் எங்கள் வீட்டு விசேஷம் எது நடந்திருக்கிறது? பந்தலுக்கு வாழை கட்ட அவர்கள்தான் வருகிறார்கள். சாப்பாட்டை நாங்களே பொட்டலம் கட்டி அவர்கள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறோம். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடும் சிரமத்தைக்கூட நாங்கள் அவர்களுக்குக் கொடுப்பதில்லை."

மண்டபம் சிரித்தது. வழக்கறிஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவர்களிலும் நன்றாகப் படிக்கிற, சுத்தமாக உடுத்துகிற பிள்ளைகளை நாங்கள் ஒதுக்கியதே இல்லை. உன்னைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்று சொல்லி, தோளில் கை போட்டு அழைத்துக்கொள்கிறோம். இப்படி அன்பாக நடந்துகொண்டிருப்பதை எல்லாம் சட்டமாக எழுதிவிட்டால், பிறகு எங்கள் அன்புக்கு என்ன வேலை?"

நான் கைதட்டினேன். மண்டபத்தில் முதலில் தட்டியது நான்தான் என்று நினைக்கிறேன். அவ்வளவு கூர்மை. அந்த வரியை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று ஒரு கணம் தோன்றி, கைதட்டலில் கரைந்து போனது.

பேசி முடித்து அவள் அங்கேயே நின்றாள். வாக்கெடுப்பு முடியும் வரை கடைசியாகப் பேசியவர் நிற்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருந்த முறை. ஆதரிப்பவர்களை முதலில் கேட்க வேண்டிய ரீபா, பேச்சின் வேகத்தில் மறந்து, "இந்தப் பிரிவை எதிர்ப்போர் கை தூக்கவும்" என்று அறிவித்தாள். ஒருவரும் தூக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேடையில் அந்தப் பிள்ளை தனியாக நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு அழகாகப் பேசிவிட்டு ஒரு கைகூட இல்லாமல் நிற்கிறாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது. சின்ன வகுப்புகளின் பக்கம் திரும்பி, இப்படித்தான் தூக்க வேண்டும் என்று காட்டுவது போல என் வலது கையைத் தூக்கினேன். முதல் வரிசை தூக்கியது. அதன் பின்னால் அடுத்தது. டீச்சர் தூக்குகிறார் என்றால் அதுதான் விடை என்று பள்ளிக்கூடத்தில் யாருக்குத்தான் தெரியாது? பின்வரிசைகளில் பெரிய பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். நானே நடந்து நடந்து எண்ணினேன். இருநூற்றுப் பதினெட்டு. ஆதரவுக்கு எண்பத்தொன்பது.

வழக்கறிஞர் பரிசு கொடுக்கும்போது, பதினேழாம் பிரிவையே தோற்கடித்த பெண் இவள், நாளைக்கு எதிரில் நின்று வாதாட நமக்கே பயமாக இருக்கும் என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். புகைப்படத்தில் கலையரசி கோப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, காமிராவுக்குச் சற்று மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் அறையில் அவளுடைய பேச்சு நோட்டை வாங்கி வாசித்தேன். சென்னைக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டியிருந்தது. அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. 'உன்னைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே' என்ற இடத்தில் என் கண் நின்றது. ஜூலை மாதம், குழாயடிச் சட்டத்தை வாசித்த அந்த மதியம், அவள் தோளில் என் கை, என் குரல் எல்லாம் அப்படியே திரும்பி வந்தன. உன்னைப் பாத்தா காலனிப் பிள்ளைன்னு யாரு சொல்லுவா. அதைத்தான் சொல்லியிருந்தேன். அன்று எனக்கு அது பாராட்டு. நோட்டை மூடி வைத்தேன். எதிர் மேசையில் யாரோ ஏதோ கேட்டார்கள், நானும் ஏதோ பதில் சொன்னேன்.

நாலு தலைமுறைக்கு முன்னால் கோயில் தெருவில் நடக்க முடியாமல் இருந்தவர்கள்தான் எங்கள் ஆட்களும். மிஷன் வந்து படிக்க வைத்தது என்று நூற்றாண்டு விழாக்களில் பெருமையாகச் சொல்வோம். பெண் பார்க்கப் போகும் இடத்தில் சொல்ல மாட்டோம். என் மகன் எஸ்றாவுக்குப் பெண் பார்த்தபோது, எந்தச் சபை, எந்த ஊர் என்று நான்தான் விசாரித்தேன். ஊரைக் கேட்டால் போதும், மற்றது தானாகத் தெரிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். இதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்காமல் இருக்க எப்படியோ பழகியிருக்கிறேன். வீட்டில் ஒவ்வோர் அறையின் விளக்கையும் தனித்தனியாக அணைத்துவிட்டு வருவது போல.

அன்று வீட்டுக்கு வந்து, கலையரசியின் வீட்டைத் தேடிக் களக்காட்டுக்குப் போகப் போகிறேன் என்று என் கணவரிடம் சொன்னேன். கிருபைராஜ் ஓய்வுபெற்ற குமாஸ்தா. எதையும் சுருக்கமாகக் கேட்டே பழகியவர். நடந்ததைச் சொன்னபோது செய்தித்தாளைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் போட்டிதானே, இதற்குப் போய் மழையில் ஏன் அலைகிறாய் என்றார். பிறகு தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"மன்னிப்புக் கேக்கப் போறியா சௌந்தரி, இல்ல கையெழுத்து வாங்கப் போறியா?"

குடையை எடுத்து வைத்தேன்.

அப்படித்தான் அந்த மூன்றாவது சனிக்கிழமை வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சேரன்மகாதேவி வழியாகப் போகும் களக்காட்டுப் பேருந்தில் ஏறினேன். வழி முழுக்க வயல்களில் தண்ணீர் கட்டி நின்றது. மலையை மேகம் பாதிக்கு மேல் மறைத்திருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 'நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை' என்பதிலேயே வந்து முடிந்தது. அது அவளுக்காகச் சொல்வது இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. களக்காட்டுக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கி விசாரித்தேன். டீக்கடையில் நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "காலனிக்கா? அங்கன வாழைத் தோட்டத்த ஒட்டி நேராப் போங்க," என்றார். போகிறவள் அந்த ஊர்க்காரி இல்லை என்பதை என் புடவையிலேயே கண்டுபிடித்த குரல் அது.

அரசு கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடு. கலையரசி வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முகத்தில் வெறுப்பு இல்லை. வெறுப்பாவது இருந்திருக்கலாம். வகுப்பில் நான் உள்ளே நுழையும்போது எழுந்து நிற்பாளே, அதே நிற்றல். "வாங்க டீச்சர்," என்றாள். ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அப்பா திருப்பூரில் இருக்கிறார், அம்மா வாழைத்தார் வெட்டப் போயிருக்கிறாள், வருகிற நேரம்தான் என்றாள். கடைக்கு ஓடிப்போய் ஒரு கலர் பாட்டில் வாங்கி வந்து டம்ளரில் ஊற்றித் தந்தாள். ஒரே மூச்சில் குடித்தேன். குடித்ததை யாராவது பார்க்க வேண்டும் என்று ஒரு நினைப்பு உள்ளுக்குள் எழுந்தது. அதைக் கண்டுகொண்ட வெட்கத்தில் டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

அவள் அம்மா இசக்கித்தாய் நனைந்துதான் வந்தாள். தலையில் தார் சுமக்கிற துணிச்சுருள் இன்னும் இருந்தது. நான் யார் என்று மகள் சொன்னதும் அதை அவசரமாக எடுத்தாள். எழுந்து நிற்கப் போன என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அவள் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சந்தோஷம். டீச்சர் வீடு தேடி வந்திருக்கிறார் என்பதே அவளுக்கு ஒரு நல்ல செய்தியாக இருந்தது.

"மொதப் பரிசு வாங்கியிருக்கான்னு விடுதி வார்டன் போன்ல சொன்னாங்க டீச்சரம்மா. கப்பு கூட கொண்டாந்தா. என்ன பேசுனன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. நீங்க சொல்லுங்க, அப்படி என்னதான் பேசுனா?"

கலையரசி கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"சட்டத்தப் பத்திப் பேசினா," என்றேன். "தீண்டாமை கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்குல்லா. அதப் பத்தி."

"கூடாதுன்னு பேசுனாளாக்கும்."

இசக்கித்தாயின் முகம் மலர்ந்துவிட்டது. நான் தலையை அசைத்தால் போதும். அந்த அசைப்பில் எல்லாம் முடிந்துவிடும், கடிதத்தை எடுக்கலாம், அடுத்த பேருந்தைப் பிடிக்கலாம். நான் அசைக்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"இல்லம்மா," என்றாள் கலையரசி. "இருக்கணும்னு பேசுனேன்."

"என்னது?"

"சீட்டு எடுத்தோம். எனக்கு அது வந்துச்சு. பெரிய வீட்டுக்காரங்க எப்படிப் பேசுவாங்களோ அப்படிப் பேசணும்."

இசக்கித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம தோட்டத்து மொதலாளி மாதிரியா? இழுத்து இழுத்துப் பேசுவாகளே, அப்படியா? எங்க, பேசிக் காட்டு ஏளா."

அவள் பேசிக் காட்டவில்லை. அம்மாவின் சிரிப்பு தானாகவே குறைந்தது.

"பெறவு செயிச்சிட்டியா?"

"செயிச்சிட்டேன்."

"அப்பத் தோத்தது யாரு?"

கேலியாகக் கேட்கவில்லை, கோபமாகவும் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே அது தெரியவேண்டியிருந்தது. மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கூரை விளிம்பிலிருந்து விழுந்த தண்ணீர், தேய்க்காமல் கிடந்த பாத்திரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கினாங்க," என்றேன். என் குரல் எனக்கே வகுப்பறைக் குரலாகக் கேட்டது. "முதல்ல தூக்கினது நான்தான். நான் தூக்கினதப் பாத்துத்தான் மத்தவங்க."

"தெரியும் டீச்சர்," என்றாள் கலையரசி. "பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"நீ தனியா நிக்கியேன்னு நெனச்சேன். ஒரு கைகூட வரலையேன்னு."

அவள் கதவுநிலையை விட்டு நிமிர்ந்தாள். அன்று மண்டபத்தில் கேட்ட நிதானம் அந்தக் குரலில் இல்லை. பதினேழு வயதுப் பிள்ளையின் குரல்தான்.

"ஒரு கைகூட வரக் கூடாதுன்னுதான் டீச்சர் அப்படிப் பேசுனேன். எங்க அம்மாட்டச் சொன்னது, என்ட்டச் சொன்னது எல்லாத்தையும் அப்படியே எடுத்து வச்சேன். கேட்டா எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிரும், கை தூக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். சிரிச்சாங்க. சரி, சிரிச்சாலும் தூக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். ரீபா கேட்டதும் யாரும் தூக்கலை. அப்ப எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?"

நான் பாவப்பட்டுக் கை தூக்குவதற்கு முந்தைய அந்தச் சில நொடிகள்தான் அவள் வாழ்ந்த நொடிகள். முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் ஒருவர்கூட அசையாமல் இருந்த அந்த அமைதியை, அவள் பேசிப் பேசி உண்டாக்கியதை, நான் தோல்வி என்று நினைத்தேன். இரக்கப்பட்டுக் கலைத்தேன். பேருந்தில் சேர்த்து வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட இதற்குப் பக்கத்தில் வரவில்லை.

தப்பு என் மேல்தான் என்றேன். அன்று கை தூக்கியது மட்டும் இல்லை, ஜூலையில் சொன்னதும்தான் என்றேன். அவள் தலையசைத்தாள். மன்னித்தாளா, கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. இசக்கித்தாய்க்கு ஜூலை என்றால் என்ன என்று புரியவில்லை, கேட்கவும் இல்லை. என் கை தானாகப் பைக்குள் போய்க் கடிதத்தை எடுத்தது. கிருபைராஜ் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடுத்த பிறகு திரும்ப உள்ளே வைக்கவும் முடியவில்லை. சென்னைப் போட்டி, பயிற்சி, தங்குமிடம், திங்கட்கிழமை கடைசி நாள் என்று தாயிடம் விளக்கினேன். இது கிடைத்தால் அவள் வக்கீலாகலாம் என்றேன். அது பொய் இல்லை. அவள் போகவில்லை என்றால் வேறொருத்தி போவாள், அடுத்த வருடம் இந்த வாய்ப்பு இவளுக்கு இல்லை என்பதும் பொய் இல்லை. உண்மைகளாகவே சொல்லிக்கொண்டு போனேன்.

"அங்கனயும் சீட்டுதானா டீச்சர்?" என்று கலையரசி கேட்டாள்.

"சீட்டுதான்."

"மாத்த முடியாதா?"

"அங்க விதி அவங்களோடது. என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

"எது வந்தாலும் நல்லாப் பேசிருவேன் டீச்சர். அதான் பயமா இருக்கு."

இசக்கித்தாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தில் எதைப் படித்தாளோ, கடிதத்துக்காகக் கையை நீட்டினாள். நீட்டிய கையைப் பார்த்து அவளே நிறுத்திக்கொண்டாள். உள்ளங்கை, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் வாழைக் கறை, கறுத்துப் போய்.

"அவ போறதா இருந்தா நான் போட்டுருதேன் டீச்சரம்மா. வேண்டாம்னாலும் அவதான் சொல்லணும். இந்தக் கையோட தொட்டா தாளு வீணாப் போயிரும். கையக் கழுவிட்டு வாரேன்."

வீட்டுக்குப் பக்கவாட்டில் அடிபம்பு இருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து, தேங்காய் நாரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு உள்ளங்கையைத் தேய்க்க ஆரம்பித்தாள். கலையரசி கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி, மழை படாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பம்பை அடிக்கப் போனாள். ஒரு கை கடிதத்தில், ஒரு கை பம்பில். தண்ணீர் வந்தது, நின்றது, வந்தது. சாலைத் திருப்பத்தில் பேருந்து ஒலி எழுப்பியது. நான் எழுந்திருக்கவில்லை. இசக்கித்தாய் கையை விரித்துப் பார்த்தாள், போகவில்லை என்று தலையை ஆட்டினாள், இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு மறுபடி தேய்த்தாள்.